கூட்டத்தில் வளரும் பிள்ளை

ஊருக்குப் போகும்போதெல்லாம் சித்தப்பா இதைச் சொல்லாமல் விடுவதில்லை. "ஏம்ப்பா, புள்ளைய இப்படிக் கூண்டுல போட்டு வளக்குறியே, ஒரு மரம் ஏறத் தெரியுமா அதுக்கு?" தெரியாது. என் மகளுக்கு மரம் ஏறத் தெரியாது. ஆற்றில் குளித்ததில்லை. சென்னை மந்தைவெளியில் மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஏசி தெரியும் வீட்டில் பதினோரு வருடமாக வளர்கிறாள். சித்தப்பாவிடம் நான் வாதாடுவதில்லை; இலையில் சாப்பாடு ஆறிவிடும்.

ஆனால் சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருமுனை ஜூஸ் கடையில் ஒன்று நடந்தது. கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒடிசாக்காரன். தமிழ் இன்னும் பிடிபடவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர், "சக்கரை கம்மி, ஐஸ் வேணாம்" என்றார். பையன் விழித்தான். பெரியவர் அதையே இன்னும் உரக்கச் சொன்னார். மொழி தெரியாதவருக்குக் காதும் கேட்காது என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. மகள் முதலில் ஐஸ் பெட்டியைக் காட்டி வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் மிக்ஸி இருந்தது. அவள் கை அவனுக்குத் தெரியாது என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். இரண்டடி நகர்ந்து, அவன் கண்ணில் படும் இடத்தில் நின்று, மறுபடி ஆட்டினாள். பிறகு சர்க்கரை டப்பாவைக் காட்டி இரண்டு விரலைக் கிள்ளுவதுபோல் சேர்த்தாள். பையன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

அந்த இரண்டடி நகர்வைத்தான் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். 2015இல் வெளியான ஆய்வு அது. நான்கு முதல் ஆறு வயது வரையிலான 72 பிள்ளைகள். பிள்ளை ஒரு பக்கம், பெரியவர் ஒருவர் எதிர்ப்பக்கம், நடுவில் கட்டம் கட்டமாகத் தட்டுகள். தட்டுகளில் பொம்மைக் கார்கள் மூன்று: பெரியது, நடுத்தரம், சின்னது. சின்னக் கார் இருந்த கட்டத்துக்கு மட்டும் பெரியவர் பக்கத்தில் மறைப்பு உண்டு. அவர் கண்ணுக்கு இரண்டு கார்தான். "சின்னக் காரை நகர்த்து" என்று அவர் சொன்னால், பிள்ளை எதை எடுக்க வேண்டும்? தனக்குத் தெரியும் சின்னதை அல்ல. அவருக்குத் தெரியும் இரண்டில் சின்னதை, அதாவது நடுத்தரக் காரை.

ஒரே மொழி புழங்கும் சூழலில் வளர்ந்த பிள்ளைகள் ஏறக்குறைய பாதி முறைதான் சரியாக எடுத்தார்கள். இரண்டு மொழி பேசும் பிள்ளைகள் 77 சதவீதம். இதுவரை ஆச்சரியமில்லை. மூன்றாவதாக ஒரு குழு இருந்தது. இவர்கள் பேசுவது ஒரே மொழி. ஆனால் அக்கம்பக்கத்திலோ உறவிலோ வேறொரு மொழி காதில் விழுந்துகொண்டே இருக்கும். இவர்கள் எடுத்தது 76 சதவீதம். இன்னொரு மொழியைக் கற்கக்கூட வேண்டாம், அது புழங்கும் இடத்தில் வளர்ந்தாலே போதும் என்று தெரிகிறது. யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள், யாருக்கு எது புரியாது என்று அந்தப் பிள்ளைகள் தினமும் கணக்குப் போட்டுப் பழகுகிறார்கள் என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். சின்ன ஆய்வுதான், இதை வைத்து மாநகரத்துக்குப் பட்டம் கட்டிவிட முடியாது. ஓசூர், தாளவாடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது ஊரிலேயே கிடைக்கிறது. மற்றவர்களுக்கு இது சுலபமாகக் கிடைக்கும் இடம் பெருநகரம்.

பெருநகரம் பிள்ளைக்குத் தருவது என்ன என்று கேட்டால் நல்ல பள்ளி, நல்ல ஆஸ்பத்திரி, கோளரங்கம், நூலகம் என்று அடுக்குவோம். எல்லாம் உண்மைதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது ஆள்கூட்டம். அதிலும் மற்ற பிள்ளைகளின் கூட்டம். இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சாட்சி நிகராகுவா நாட்டின் தலைநகரான மனாகுவாவில் இருக்கிறது.

1970களின் நடுப்பகுதி வரை அந்த நாட்டில் காது கேளாத பிள்ளைகள் அவரவர் வீட்டில் தனித்தனியாக வளர்ந்தார்கள். பசி, தூக்கம், வா, போ என்று வீட்டாரோடு பேசிக்கொள்ள ஆளுக்கொரு கைச்சாடை. அந்தச் சாடை பக்கத்து வீட்டில் செல்லாது. 1977இல் மனாகுவாவில் ஒரு சிறப்புப் பள்ளி வந்தது. சுமார் 50 பிள்ளைகள் சேர்ந்தார்கள். 1980இல் வளரிளம் பருவத்தினருக்கு ஒரு தொழிற்பள்ளி. 1983 வாக்கில் இரண்டிலுமாக 400க்கும் மேற்பட்டவர்கள். ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தது உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் மொழியைப் புரிந்துகொள்ள. அது பெரிதாக ஏறவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சாடைகளைக் கலந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்களுக்கு அது புரியவில்லை. 1986இல் அரசு அழைத்து, ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியலாளர் வந்து பார்த்தார். பிள்ளைகள் தாங்களாகவே ஒரு மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள்.

அது எப்படி மொழியானது என்பதை ஆன் செங்காஸ் குழுவினர் 2004இல் நெருக்கமாகக் காட்டினார்கள். ஒரு கார்ட்டூன். பூனை ஒன்று பந்தை விழுங்கிவிட்டுச் சரிவான தெருவில் உருண்டு போகிறது. இதைச் சொல்லச் சொன்னால், காது கேட்பவர்கள் பேசும்போது கையைச் சுழற்றிக்கொண்டே கீழே இறக்குவார்கள். உருள்வதும் இறங்குவதும் ஒரே வீச்சில். பள்ளியில் முதலில் சேர்ந்த, இப்போது பெரியவர்களாகிவிட்டவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் காட்டினார்கள். பிறகு சேர்ந்தவர்கள் அதை இரண்டாக உடைத்தார்கள். முதலில் ஒரு சுழற்சி: 'உருள்'. அடுத்து ஒரு இறக்கம்: 'கீழே'. கண்ணில் பட்டபடி நடித்துக் காட்டுவதை விட்டு, துண்டு துண்டான சொற்களாக்கிக் கோத்திருக்கிறார்கள். மொழி என்றால் இதுதான். அண்ணன்மார் விட்டுப்போன சாடையைத் தம்பி தங்கைகள் இலக்கணமாக்கிவிட்டார்கள். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது தங்களைப் போன்ற இன்னும் சில நூறு பேர் ஒரே இடத்தில் சேர்வது. அதை ஒரு தலைநகரம் செய்துகொடுத்தது.

சென்னையின் சதுரங்கக் கதையும் இந்த வகைதான். ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்குச் சதுரங்கப் பைத்தியம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முந்நூறு பிள்ளைகள் உள்ள ஊரில் அந்தப் பிள்ளைக்கு எதிரே உட்கார ஆளிருக்காது. பத்து லட்சம் பிள்ளைகள் உள்ள ஊரில் ஆயிரம் எதிராளிகள். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் 1972இல் அன்றைய மெட்ராஸின் சோவியத் கலாச்சார மையத்தில் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கேதான் போய் உட்கார்ந்தார். மின்னல் வேக ஆட்டம். தோற்றவர் எழுந்துபோய் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும், ஜெயித்தவர் நாற்காலியை விட வேண்டாம். எதிராளிகள் தீராத ஊரில்தான் இந்த விதி செல்லும். குகேஷும் பிரக்ஞானந்தாவும் சென்னையில் ஒரே பள்ளிக் குழுமத்தில் படித்தவர்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக சாம்பியனானபோது குகேஷுக்கு வயது 18. பிரக்ஞானந்தாவுக்கு வீட்டுக்குள்ளேயே எதிராளி உண்டு: அக்கா வைஷாலி, அவரும் கிராண்ட்மாஸ்டர்.

இந்தக் கூட்டத்தின் பலனுக்குக் கணக்கே போட்டிருக்கிறார்கள். லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்தின் மக்கள்தொகை இரட்டிப்பானால் கூலி, புதுக் கண்டுபிடிப்புகள் போன்றவை தலைக்குக் கணிசமாகக் கூடுவதைக் காட்டினார்கள். ஒருவரையொருவர் சந்திக்கும் வாய்ப்பு பெருகுவதுதான் காரணம் என்பது அவர்கள் விளக்கம். இதே கோடு குற்றத்துக்கும் தொற்றுநோய்க்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. எதிராளியைச் சந்திக்கும் அதே நெரிசலில்தான் காய்ச்சல்காரரையும் சந்திக்கிறோம். பால்வாடி தொடங்கிய முதல் வருடம் எங்கள் வீட்டில் மூக்கு ஒழுகாத வாரமே இல்லை.

சித்தப்பா கட்சி ஜெயிக்கும் இடங்களும் உண்டு. 38 நாடுகளில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் ஒரு செல்போன் விளையாட்டில் கடலில் வழி கண்டுபிடித்தார்கள். 2022இல் வெளியான முடிவு: பொதுவாக, நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்களே வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். அதிலும் சிகாகோ போல் கோடு போட்டுச் சதுரம் சதுரமாகக் கட்டிய ஊரில் வளர்ந்தவர்கள் மோசம். ப்ராக் போலத் தெருக்கள் வளைந்து நெளியும் ஊர்க்காரர்கள் பரவாயில்லை. திருவல்லிக்கேணிச் சந்துகளைத் திட்டுவதை அன்றிலிருந்து நிறுத்திவிட்டேன். பட்டணத்துப் பிள்ளை நெடுநெடுவென்று வளரும் என்பதும் பழங்கதையாகி வருகிறது: 200 நாடுகளின் தரவுகளைத் தொகுத்த 2023 ஆய்வில், 1990இல் இருந்த அந்த உயர வித்தியாசம் பெரும்பாலான நாடுகளில் சுருங்கிவிட்டது.

கிட்டப்பார்வை விஷயம் எனக்கு உறுத்தியது. 2008இல் வந்த ஆய்வில் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும், ஆறேழு வயதுள்ள, சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3.3. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3.05 மணி நேரம். வெளிச்சம் படும்போது விழித்திரையில் டோபமைன் சுரந்து, கண் நீளவாக்கில் அளவுக்கு மீறி வளராமல் பிடித்துவைக்கிறது என்று கருதுகிறார்கள். இரண்டுமே பெருநகரங்கள் என்பதைக் கவனியுங்கள். சித்தப்பா சொன்ன கூண்டு உண்டு. அதைப் பூட்டியது ஊரா, நானா என்பதுதான் சந்தேகம்.

பூட்டு எப்போது விழுந்தது என்பதற்கு இங்கிலாந்தில் கணக்கு இருக்கிறது. 1971இல் அங்கே ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் 9 சதவீதம். இதே காலத்தில் சாலையில் பிள்ளைகள் இறப்பது குறைந்தது. சாலை பாதுகாப்பாகிவிட்டது என்று அரசு தரப்பில் மகிழ்ந்தார்கள். சாலை மாறவில்லை, பிள்ளைகளைத்தான் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டோம் என்றார் ஆய்வை நடத்திய மேயர் ஹில்மன். பெற்றோர் பயம் வெறும் பயமும் அல்ல. மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டி நேராக வரும் வண்டியின் வேகத்தை ஆரம்பப்பள்ளி வயதுக் கண்ணும் மூளையும் சரியாகக் கணிப்பதில்லை என்று பின்னால் பிரிட்டனிலேயே அளந்து காட்டினார்கள். நம் தெருவில் முப்பதில் போகும் பைக்கை நான் பார்த்ததில்லை.

பறக்கும் ரயிலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. போன சனிக்கிழமை மகள் முதல்முறையாகத் தனியே கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனாள். மந்தைவெளியில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம். பள்ளித்தோழி ஸ்டேஷனில் காத்திருப்பாள் என்று ஏற்பாடு. நான் டிக்கெட் வாங்கிக் கொடுத்து, ரயில் கிளம்பும்வரை நின்று, பத்து நிமிடத்தில் வர வேண்டிய போனுக்கு நாற்பது நிமிடம் நடைமேடையிலேயே காத்திருந்தேன்.

"கஸ்தூர்பா நகர் போயிட்டேம்ப்பா."

"எப்படி?"

"ஒரு பாட்டி பூக் கட்டிட்டிருந்தாங்க. ரெண்டு கால்விரலுக்கு நடுவுல நாரை மாட்டிக்கிட்டு. பாத்துட்டே இருந்துட்டேன்."

"அப்புறம் யாருகிட்ட வழி கேட்ட?"

"அவங்ககிட்டயேதான். அவங்க தெலுங்கு. கையாலயே காட்டினாங்க, படி இறங்கி அந்தப் பக்கம் ஏறுன்னு."