சங்கினுள் ஒலிக்கும் கடல்

மன்னார்க் குடாக்கடல் தொன்றுதொட்டு முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்றது. அங்கே குளித்தெடுக்கும் சங்கைச் செவியோடு சேர்த்துப் பிடித்தால் அலையோசை போன்றதோர் இரைச்சல் கேட்கின்றது. சங்கினுள்ளே கடல் குடியிருப்பதாகச் சிறுவர் நம்புவர். செவியில் ஓடும் குருதியின் ஒலியே அதுவெனக் கற்றோரிற் சிலர் கூறுவர். இவ்விரண்டும் பொருந்தா.

குருதியின் ஒலியாயின், ஓடிக் களைத்தவனுக்கு அவ்விரைச்சல் மிகுதல் வேண்டும், மிகுவதில்லை. புறவோசை புகாத அறையிலோ அது அடங்கிவிடுகின்றது. ஆகவே அவ்வொலி வெளியிலிருந்தே வருதல் வேண்டும். காற்றின் அசைவு, ஓலையின் சலசலப்பு, தெருவின் அரவம் ஆகியன கலந்த ஓசை நம்மை எந்நேரமும் சூழ்ந்துள்ளது. அதிற் பல மீடிறன்கள் உண்டு. மீடிறன் என்பது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் தொகை. சங்கினுள் அடைபட்ட வளி தனக்கியல்பான சில மீடிறன்களில் மட்டுமே எளிதாக அதிரும். அவற்றோடு ஒத்தவை, தக்க தருணத்திற் தள்ளப்படும் ஊஞ்சல்போல, வலுப்பெறுகின்றன. இதுவே பரிவு எனப்படும்.

சேர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் (1821–1894) கழுத்துடைய உட்குழிவான கோளங்களைக் கொண்டு கலப்பொலியிலுள்ள சுரங்களைப் பிரித்தறிந்தார். கழுத்திலுள்ள வளி திணிவாகவும், வயிற்றிலுள்ள வளி வில்லாகவும் தொழிற்படுகின்றன. வளியின் இடம் குறுகக் குறுகச் சுருதி உயரும். கிணற்றடியிற் குடம் நிறையும்போது ஒலி ஏறுவதும் இவ்வினத்ததே. நுனி அறுத்த சங்கை ஆலயத்தில் ஊதுகையில், உதட்டின் அதிர்வைச் சுருளினுள்ளிருக்கும் வளிநிரல் தன் மீடிறனுக்கு இசைவிக்கின்றது. அதனாற் பெருஞ்சங்கு தாழ்சுருதியில் முழங்கும்.

மின்னியலிலும் இம்முறையே காணப்படும். வானொலிப் பெட்டியிலுள்ள கம்பிச்சுருள் திணிவின் தொழிலையும் கொள்ளளவி வில்லின் தொழிலையும் செய்கின்றன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றரே உண்டு. இரு நாட்டு ஒலிபரப்பும் ஒரே வானிற் கலந்து வருகின்றன. குமிழைத் திருப்பிக் கொள்ளளவை மாற்றினால், அவற்றுள் ஒன்றுமட்டும் பரிவுற்றுத் தெளிவாகக் கேட்கும். கைக்கடிகாரத்திலுள்ள குவாட்ஸ் படிகமோ செக்கனுக்கு 32,768 முறை அதிர்கின்றது; அத்தொகையைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் செக்கனுக்கு ஒரு துடிப்புக் கிடைக்கும்.

பரிவுக்கலம் புதிதாக ஒலி எதனையும் படைப்பதில்லை. பலவற்றுள் தனக்குரியதைத் தெரிந்து வலுவூட்டுகின்றது. மாணவர் சங்கின் வாயைக் கையாற் சிறிது மூடியும் திறந்தும் கேட்பாராயின், இரைச்சலின் சுருதி மாறுவதை உணர்வர். ஆய்வுகூடம் இல்லாத கரையோரப் பாடசாலையிலும் இப்பாடத்தை நடத்தலாம். வேண்டுவது ஒரு சங்கும், கேட்ட விடையைச் சோதித்தபின் ஏற்கும் மனமுமே.