முந்திரித் தோப்பும் ஒரு விவசாயியின் பேனாவும்

கேரளத்துக் காசர்கோடு வட்டாரத்தில், அரசு முந்திரித் தோட்டங்களின் மீது, தேயிலைக் கொசுவை ஒழிக்கும் பொருட்டு, 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டு வந்தது. தோப்புகளை ஒட்டியே வீடுகளும் நீரோடைகளும் இருந்தன. கன்றுகள் கால் முடங்கிப் பிறப்பதைக் கண்ட ஸ்ரீ பத்ரே என்னும் விவசாயப் பத்திரிகையாளர், மருந்தின் மீது ஐயமுற்று 1981-லேயே எழுதினார். பிற்காலத்தில் அவர் ஆசிரியராக விளங்கிய 'அடிகெ பத்ரிகெ', பாக்கு விவசாயிகளுக்கான கன்னட மாத ஏடு. நம் ஏட்டைப் போன்றதே.

விஞ்ஞானிகளின் முடிவு ஒருமுகமாக இருக்கவில்லை. அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிலையம் நோய்க்கும் மருந்துக்கும் தொடர்புண்டு என்று 2002-இல் கூறிற்று. மத்திய அரசின் துபே குழு 2003-இல் அதனை மறுத்தது. இத்தகைய வேளையில், யார் யாரைச் சோதித்தார்கள், எவ்வாறு அளந்தார்கள் என்பதை வாசகர் முன் வைப்பதே செய்தியாளர் கடமை. 'நிபுணர்களிடையே கருத்து வேற்றுமை' என்று எழுதி நகர்ந்துவிடுதல் எளிது, அது செய்தியாகாது.

உச்ச நீதிமன்றம் நாடெங்கும் இம்மருந்தைத் தடுத்தது 2011 மே மாதத்தில். பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்கும்படி கேரள அரசுக்கு அந்நீதிமன்றம் உத்தரவிட்டது 2017-இல்.

தெளிக்கும் மருந்தின் பெயர், அளவு, தேதி ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவருமாறு, தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களிலெல்லாம் அங்கத்தினரை நாம் கேட்டு வருகிறோம்.