எந்த குரூப்? கையெழுத்துப் போடுமுன் ஒரு வார்த்தை

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மூன்றாம் நாள் அந்த வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. நான் வேலை பார்த்த அரசுப் பள்ளியில் 500க்கு 481 வாங்கிய பையனின் வீடு அது. வந்தவர்கள் பக்கத்து மாவட்டத்துத் தனியார் பள்ளிக்காரர்கள். கட்டணம் கிடையாது, விடுதி இலவசம், நீட் பயிற்சியும் உண்டு என்றார்கள். தறி ஓட்டும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். டி.சி. வாங்க வந்தபோது நானும் தடுக்கவில்லை. நல்ல இடம் கிடைத்ததே என்று வாழ்த்தித்தான் அனுப்பினேன்.

இரண்டு வருடம் கழித்து அவனைவிடக் குறைந்த நீட் மதிப்பெண் வாங்கிய எங்கள் பள்ளிப் பெண் ஒருத்தி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. அந்த வேனில் ஏறிய அன்றே அதை அவன் இழந்துவிட்டான். சேர்த்தவர்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பிளஸ் ஒன் சேர்க்கை பற்றி நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மே மாதத்தில் முடிவு வந்ததும் வீடுகளில் எழும் கேள்வி, "இந்த மார்க்குக்கு எந்த குரூப் கிடைக்கும்?" என்பதுதான். இந்தக் கேள்வியே பிள்ளைகளைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. மார்க் அதிகமென்றால் பயோ மேத்ஸ், கொஞ்சம் குறைந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னும் குறைந்தால் காமர்ஸ், கடைசியில் தொழிற்கல்வி என்று படிக்கட்டு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறோம். பாடங்களுக்குள் அப்படி ஒரு மேல் கீழ் கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த குரூப்பை எடுத்தால், இரண்டு வருடம் கழித்து எந்த வழி அடைபட்டிருக்கும்? அடைபடும் வழியில் பிள்ளைக்கு ஆசை இருக்கிறதா?

தமிழ், ஆங்கிலம் எல்லோருக்கும் பொது. மற்ற நான்கு பாடங்களில்தான் விஷயம் இருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் உள்ள பயோ மேத்ஸில் பொறியியலும் திறந்திருக்கும், மருத்துவமும் திறந்திருக்கும். பாரம்தான் அதிகம். இரண்டு பக்கமும் கதவு இருக்கட்டும் என்று பிள்ளையை அதில் தள்ளிவிட்டு, நான்கிலும் சுமாராக வாங்கி இரண்டு கதவுக்கும் எட்டாமல் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணிதத்தை விட்டுவிட்டுத் தாவரவியலும் விலங்கியலும் எடுப்பது ப்யூர் சயின்ஸ். மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, கால்நடை மருத்துவம் எல்லாவற்றுக்கும் இதில் வழி உண்டு. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. ஆனால் தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வு அடைபடும். அங்கே 200க்குப் போடும் கட் ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணிதம் இல்லாமல் அந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது. என்.டி.ஏ. தேர்வு எழுதி விமானப்படைக்கோ கடற்படைக்கோ போக வேண்டுமானாலும் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். அதே தேர்வில் தரைப்படைக்கு எந்த குரூப்பும் போதும். வணிகக் கப்பலில் அதிகாரியாக வேண்டுமென்றாலும் இந்த மூன்று பாடங்கள்தான் கேட்பார்கள். கணக்கு வராது என்று பயந்து கணிதத்தை விடுகிறவர்கள் இத்தனையையும் சேர்த்தே கைவிடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும். தெரிந்தே விடுவது தவறில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் பள்ளியிலும் அந்தப் பாடம் வேண்டும் என்பார்கள். வேண்டியதில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் இருந்தால் போதும். பயோ மேத்ஸ் படித்தவர்களும் அதே கலந்தாய்வில் அதே இடத்தைப் பெறலாம்.

காமர்ஸ் படிக்கும் பிள்ளைகளை நம் வீடுகள் பேசும் பேச்சு எனக்கு ஆறவே ஆறாது. 450க்கு மேல் வாங்கிய ஒரு பெண், "அக்கவுண்டன்சிதான் வேணும் மிஸ்" என்று என் மேசை முன்னால் நின்று அழுதாள். "இவ்வளவு மார்க் வாங்கிட்டு தேர்ட் குரூப்பா, ஊரு சிரிக்காதா?" என்றார் அப்பா. சி.ஏ. ஃபவுண்டேஷனுக்குப் பத்தாம் வகுப்பு முடித்ததுமே பதிவு செய்துகொண்டு, பிளஸ் டூ எழுதியபின் தேர்வுக்குப் போகலாம். ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பாக இருந்தாலும் வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புக்கு, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து பிளஸ் டூ தேறிய யாரும் முயலலாம், காமர்ஸ் மாணவர்களும்தான். அடைபடுவது பொறியியலும் மருத்துவமும். அந்தப் பெண்ணுக்கு அந்த இரண்டிலும் ஆசை இல்லை. காமர்ஸிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆனர்ஸ் படிக்க பிளஸ் டூவில் கணிதம் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட கனவு இருந்தால், பள்ளி தரும் நான்காவது பாடம் எது என்று பார்த்துச் சேர வேண்டும்.

தொழிற்கல்வியில் சேர்ந்தால் மேற்படிப்பு இல்லை என்பதும் தவறு. பொறியியல் கலந்தாய்வில் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பிளஸ் ஒன்னே வேண்டாம் என்று மூன்றாண்டு பாலிடெக்னிக் முடிப்பவர்கள் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனவர்கள் துணைத்தேர்வு எழுதி அதே வருடம் பிளஸ் ஒன் சேரலாம். வருடம் வீணாகாது.

பள்ளி மாறுவது பற்றித்தான் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் இழப்பது வெளியே தெரிவதில்லை. 7.5 சதவீதம் மருத்துவத்துக்கு மட்டும் இல்லை. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டப் படிப்புகளிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே ஒதுக்கீடு உண்டு. அப்படிச் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போனபின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதுவும் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்குத்தான்.

பயிற்று மொழியை மாற்றுவது அடுத்தது. தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பட்டது. பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் வேலை என்றால் பள்ளிப் படிப்பு, பிளஸ் டூ, பட்டம் எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். பத்து வரை தமிழ் வழியில் படித்த பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் மட்டும் ஆங்கில வழிக்கு மாற்றினால் அந்தச் சலுகை அங்கேயே அறுந்துவிடும். ஆங்கில வழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்ற கணக்கைப் பெற்றோர் சேரும்முன் போட்டுப் பார்க்க வேண்டும். சேர்ந்தபின் போட்டால் பயனில்லை.

தனியார் பள்ளியில்தான் சேர்ப்பது என்று முடிவானால் இரண்டைக் கேளுங்கள். முதலாவது கட்டணம். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழுதான் ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கினால் அந்தக் குழுவிடம் புகார் செய்யலாம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நீட், ஜே.இ.இ. பயிற்சி என்று தனியாகக் கேட்டால் ரசீதும் தனியாகக் கேளுங்கள். பயிற்சி மையங்களுக்கு மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, முழுப் பணமும் கட்டிய மாணவர் பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். "சீட் நிச்சயம்" என்று விளம்பரம் செய்யும் மையம் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம்.

இரண்டாவது, பிளஸ் ஒன் பாடத்தை நடத்துவார்களா என்பது. கேட்கவே விந்தையாக இருக்கும். பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தி மார்க் வாங்க வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் அழுத்தம் குறையும் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். பழைய வழக்கம் திரும்புமோ என்ற கவலையும் கூடவே இருக்கிறது. நீட்டும் ஜே.இ.இ.யும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேள்வி கேட்கின்றன. பிளஸ் ஒன் வேதியியல் படிக்காமல் போன பிள்ளை அந்தத் தேர்வு அறையில் உட்கார்ந்துதான் அதை உணரும். ஆகஸ்ட் மாதத்தில் பிள்ளையின் நோட்டை ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

அரசுப் பள்ளியிலும் கேட்க வேண்டியது உண்டு. நீங்கள் எடுக்கும் பாடத்துக்கு ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, ஆய்வகம் இயங்குகிறதா என்று தலைமை ஆசிரியரிடமே கேளுங்கள். கிராமத்துப் பெண் பிள்ளைகள் பலர், ஊருக்குப் பக்கத்துப் பள்ளியில் எந்த குரூப் இருக்கிறதோ அதையே எடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்த ஊர்ப் பள்ளிக்கு இலவசப் பேருந்து அட்டை உண்டு, விடுதியும் உண்டு. பெண் என்பதால் தூரம் ஒரு காரணமாகக் கூடாது.

குறிப்பிட்ட குரூப்தான் தர வேண்டும் என்று கேட்கச் சட்டத்தில் உரிமை இல்லை. இடம் குறைவென்றால் மார்க் வரிசைப்படிதான் தருவார்கள். ஆனால் அந்த வரிசை நேர்மையாக இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. பிளஸ் ஒன் சேர்க்கைக்கும் 69 சதவீத இட ஒதுக்கீடு பொருந்தும். உங்கள் பிரிவில் உங்களைவிடக் குறைந்த மார்க் வாங்கியவருக்கு இடம் கிடைத்து உங்களுக்கு மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன மறுப்பை எங்கும் நிரூபிக்க முடியாது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டித் தேர்வுப் பட்டியலைக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் ஆகும், அதற்குள் சேர்க்கை முடிந்துவிடும். அதனால் முதலில் முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கும் போகலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

பழைய பள்ளி கட்டணப் பாக்கி என்று சொல்லி டி.சி. தர மறுத்தால் பயப்படாதீர்கள். மாற்றுச் சான்றிதழைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது, பாக்கி விவரத்தை அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்ற, சுமாராகப் படிக்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தி டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளிகள் மீதும் இதே அலுவலகங்களில் புகார் கொடுக்கலாம்.

சேர்ந்தபின் தவறு என்று தெரிந்தால்? முதல் சில வாரங்களுக்குள் சொன்னால் குரூப் மாற்றுவது எளிது. நாள் போகப் போகக் கடினம். "ரெண்டு வருஷம்தானே, பல்லைக் கடிச்சுப் படி" என்று சொல்லாதீர்கள். பிளஸ் டூ முடித்தபின்தான் டாக்டர் ஆசை வந்தது என்றாலும் வழி இருக்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் விட்டுப்போன பாடத்தை மட்டும் தனியாக எழுதலாம். பிடிக்காத குரூப்பில் சிக்கிய பிள்ளை சாப்பாட்டையும் பேச்சையும் குறைத்துக்கொண்டால், மார்க்கைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு 14416க்கு அழையுங்கள். எந்த நேரமும் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

அக்கவுண்டன்சி கேட்ட அந்தப் பெண்ணின் அப்பா, அன்று விண்ணப்பத்தை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை திரும்பி வந்தார். பாடப்பிரிவு என்ற கட்டத்தில் மகளின் கையெழுத்தில் காமர்ஸ் என்று எழுதியிருந்தது. உங்கள் வீட்டு விண்ணப்பத்திலும் அந்த ஒரு கட்டத்தைப் பிள்ளையே நிரப்பட்டும்.