ஸ்கேன் ரிப்போர்ட்டில் கட்டி என்று வந்தால்...

அடிவயிற்று ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் கடைசி வரியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். 'பெல்விக் மாஸ்' (அடிவயிற்றுக் கட்டி) என்று இருந்துவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போயிற்று. பதற்றப்பட வேண்டுமா, வேண்டாமா என்பதற்கான விடையோ அதற்கு மேலே இருக்கும் வரிகளில் இருக்கிறது.

கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட் 1958-ல் 'லான்செட்' இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வயிற்றுக் கட்டிகளைப் பற்றியதுதான். உலோகத்தில் விரிசல் தேடும் தொழிற்சாலைக் கருவியிலிருந்து அவர் குழு உருவாக்கியதுதான், ஒலி அலைகளால் உள்ளே பார்க்கும் இந்த ஸ்கேன் முறை. முற்றிய வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, உள்ளே இருப்பது நீர் நிறைந்த சினைப்பைக் கட்டி என்று கருவி காட்டியது. அறுவை சிகிச்சையில் அதை எடுத்தார்கள், அவர் பிழைத்தார்.

நீரா, திடமா? இன்றும் அதுதான் முதல் கேள்வி. தெளிந்த நீர் திரையில் கன்னங்கரேலென்று தெரியும். ரிப்போர்ட்டில் 'அனெக்கோயிக்' என்பார்கள். சுவர் மெல்லியதாக, உள்ளே தடுப்பு ஏதும் இல்லாமல், 5 செ.மீ.க்குள் இருந்தால், மாதவிடாய் நிற்காத பெண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே வற்றிவிடும். பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி புகைமூட்டமாகத் தெரியும். டெர்மாய்டு கட்டிக்குள் கொழுப்பு, முடி, சில சமயம் பல்கூட இருக்கும். ஃபைப்ராய்டு, கருப்பைத் தசையில் வளர்வது.

கவலைப்பட வேண்டியவை வேறு: உள்சுவரில் முளைத்த திடப்பகுதி, தடித்த தடுப்புகள், அவற்றுக்குள் டாப்ளர் ஸ்கேனில் தெரியும் ரத்த ஓட்டம், வயிற்றில் நீர். மாதவிடாய் நின்றவர்களுக்கு இவற்றின் கனம் இன்னும் கூடும். அளவை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள். பெரிய கட்டி சாதுவாக இருக்கலாம். சின்னது வில்லங்கமாக இருக்கலாம்.

ஸ்கேனுக்கு முன் தண்ணீர் குடிக்கச் சொல்வது சும்மா இல்லை. நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கி, ஒலிக்கு வழிவிடுகிறது. அப்படியும் தெளிவில்லை என்றால் பிறப்புறுப்பு வழி ஸ்கேன் செய்வார்கள். திருமணமாகாத பெண்களுக்கு அதற்குப் பதிலாக எம்.ஆர்.ஐ. எடுப்பதும் உண்டு.

கூடவே, சினைப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள். 35-ஐத் தாண்டினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மாதவிடாய் நாட்களிலும் ஏறும். சாக்லேட் கட்டியிலும் ஏறும். நம் நாட்டில் காசநோயை மறக்கவே கூடாது. அதிலும் வயிற்று நீர், கட்டி, உயர்ந்த சிஏ-125 மூன்றும் சேர்ந்து புற்றுநோய்போலவே தோன்றும். ஆனால் காசநோய் என்றால் உரிய மாத்திரைகளில் குணமாகிவிடும்.

கட்டி இருப்பவருக்குத் திடீரென ஒரு பக்கம் தாங்கமுடியாத வலியும் வாந்தியும் வந்தால், சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.