நேரசூசியில் இல்லாத பாடம்

தரம் 4இல் படிக்கும் என் தங்கைக்கு வீட்டிலும் ஒரு நேரசூசி உண்டு. பாடசாலை, மத்ரஸா, புலமைப்பரிசில் வகுப்பு, ஆங்கில வகுப்பு, வீட்டுப்பாடம், தூக்கம் என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு கட்டம் இருக்கிறது. விளையாட்டுக்குக் கட்டம் இல்லை. ஏன் என்று கேட்டேன். "ஸ்கூல்ல வெளாட்டுப் பாடம் இருக்குதானே மகள்" என்றார் உம்மா.

அதுவும் விளையாட்டுத்தான். ஆனால் வேறு வகையானது. வலைப்பந்துப் பயிற்சியிலும் இல்ல விளையாட்டுப் போட்டியிலும் விதிகள் முன்பே எழுதப்பட்டிருக்கும். ஆசிரியை விசில் ஊதுவார். வென்றவர் யாரென்று நடுவர் சொல்வார். உடலுக்கும் ஒழுங்குக்கும் அது தேவை. நான் எழுத விரும்புவதோ விசில் இல்லாத விளையாட்டைப் பற்றி. என்ன விளையாடுவது, யாரைச் சேர்ப்பது, எப்போது முடிப்பது என்பதையெல்லாம் பிள்ளைகளே தீர்மானிப்பது அது. அதனைச் சுதந்திர விளையாட்டு என்பார்கள்.

அதில் அப்படி என்ன இருக்கிறது? ஆறு பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடுவதைப் பாருங்கள். எத்தனை வரை எண்ணுவது, கிணற்றடிக்குப் பின்னால் ஒளியலாமா, கண்ணை இடுக்கிப் பார்த்தவளுக்கு என்ன தண்டனை என்று ஓடுவதற்கு முன்பே வாக்குவாதம் தொடங்கிவிடும். தீர்த்துவைக்க நடுவர் இல்லை. "நான் சொல்றதுதான் சட்டம்" என்று ஒருத்தி அடம்பிடித்தால் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். விளையாட்டு அத்தோடு முடிந்துவிடும். ஆகவே தன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். ஓட முடியாத சின்னத் தம்பி வந்தால் அவனை 'உப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். பிடிபட்டாலும் அவன் தோற்கமாட்டான். இயலாதவருக்கும் இடம் கொடுக்கும் இந்தச் சட்டத்தை அந்த இடத்தில் எந்தப் பெரியவரும் இயற்றவில்லை.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே இதைக் கூர்ந்து கவனித்தவர். பிள்ளைகள் மாபிள் அடிப்பதைப் பார்த்தும் அவர்களிடம் கேள்விகள் கேட்டும் அவர் எழுதிய நூல் 1932இல் வெளிவந்தது. விதிகள் பெரியவர்களிடமிருந்து வந்தவை, அவற்றை மாற்றவே முடியாது என்று சிறு பிள்ளைகள் நினைக்கிறார்கள். வளர வளர, விதி என்பது எல்லாரும் உடன்பட்டுச் செய்துகொள்வது, உடன்பட்டால் மாற்றவும் கூடியது என்று உணர்கிறார்கள். நீதி பற்றிய இந்த அறிவுக்குச் சக பிள்ளைகளுடன் பழகுவதே முக்கிய வழி என்பது அவர் கருத்து.

சோவியத் உளவியலாளர் லெவ் வைகொட்ஸ்கி 1933இல் ஆற்றிய விரிவுரையில் ஓர் அழகான உதாரணத்தை எடுத்துக்காட்டுகிறார். ஐந்தும் ஏழும் வயதான இரு சகோதரிகள், "நாங்கள் சகோதரிகளாக விளையாடுவோமா?" என்று தொடங்குகிறார்கள். அவர்கள் உண்மையிலேயே சகோதரிகள்தான்! ஆனால் வீட்டில் நினைக்காமலே சகோதரிகளாக இருப்பவர்கள், விளையாட்டில் சகோதரி எப்படி நடக்க வேண்டும் என்று யோசித்து நடக்கிறார்கள். சிரட்டையில் மண்சோறு ஆக்கி 'உம்மா'வாக நடிக்கும் பிள்ளையும் இதைத்தான் செய்கிறாள். அழும் பொம்மைக் குழந்தைக்காகத் தன் அவசரத்தை அடக்கிக்கொள்கிறாள். பொறுமையை உபதேசமாகக் கேட்கவில்லை, நடந்து பழகுகிறாள்.

அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே துணியாலான இரு சிறகுகளுடன் ஒரு குதிரை இருந்ததாக ஸுனன் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று பதில் வந்தது. நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். கேட்டார்கள், பதிலைச் செவிமடுத்தார்கள், மகிழ்ந்தார்கள், திருத்தவில்லை. பிள்ளைகளின் கற்பனையைப் பெரியவர்கள் எப்படி மதிப்பது என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டுமா?

என் மனதை உறுத்தும் விடயம் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் விளையாட்டை முதலில் இழப்பவள் பெண்பிள்ளை. பத்து வயதுத் தம்பி பின்னேரம் கிரிக்கெட் மட்டையோடு ஒழுங்கைக்கு இறங்குகிறான். அதே வயது ராத்தாவிடம், "நீ என்ன சின்னப் பிள்ளையா?" என்கிறோம். அவளிடம் மிஞ்சுவது கைத்தொலைபேசிதான். வாதாடவும், மறுக்கவும், சண்டைபிடித்த தோழியோடு மறுநாளே சமாதானமாகவும் பழகும் களம் அவளுக்கு மூடப்படுகிறது. நாளை வகுப்பிலும் வேலைத்தலத்திலும் குடும்பத்திலும் அவளுக்குத் தேவைப்படுவது அந்தப் பழக்கம்தானே?

பெற்றோரின் அச்சம் எனக்கும் விளங்குகிறது. வீதியில் வாகனங்கள், தலைக்கு மேலே பரீட்சை. ஆனால் இது வீணாகும் நேரம் அல்ல. விளையாட்டு பிள்ளைகளின் உரிமை என்று ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதனை 1991இல் ஏற்றுக்கொண்டது. 2018இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம், சிறு பிள்ளைகளுக்கு மருந்து எழுதுவது போல விளையாட்டையும் எழுதிக்கொடுக்குமாறு மருத்துவர்களுக்கு ஆலோசனை கூறியது.

இதற்குப் பெரிய மைதானம் தேவையில்லை. ஒரு முற்றமும் நாலு மச்சிமாரும் போதும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் கொடுங்கள். கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருங்கள். ஆனால் நடுவராக வேண்டாம். அடிபிடி வந்தால் மட்டும் எழுந்து செல்லுங்கள். "உம்மா, என்ன விளையாட?" என்று பிள்ளை வந்து நின்றால் உடனே பதில் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் சலித்திருக்கட்டும். பிறகு சிரட்டையோ, பழைய சாரனோ, நாலு கல்லோ அவள் கையில் இருக்கும். அதை என்னவாக்குவது என்று அவளே முடிவெடுப்பாள்.