முத்து நகரின் மிட்டாய்

சென்ற விடுமுறையில் தூத்துக்குடியில் ஒரு பகல் தங்கினோம். முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டபடியால் கடைத்தெருவையே சுற்றினோம். வ. உ. சி. மார்க்கெட்டைப் பார்த்துவிட்டு ஒரு மிட்டாய்க் கடைக்குள் நுழைந்தோம். கண்ணாடி ஜாடிகளில் கூம்பு கூம்பாய், பாலாடை நிறத்தில் மக்ரூன்!

"இதில் என்ன சேர்க்கிறீர்கள், அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

"முந்திரிப் பருப்பு, சீனி, முட்டையின் வெள்ளைக் கரு. நுரைக்க அடித்து, இளஞ்சூட்டில் வாட்டுகிறோம். வேறொன்றுமில்லை" என்றார்.

உடன் வந்த நண்பர் முகம் சுளித்தார். "பெயர் ஐரோப்பாவினுடையது. முந்திரியோ போர்த்துக்கீசியர் பிரேஸிலிலிருந்து கொணர்ந்தது. சிதம்பரம் பிள்ளை கப்பல் விட்ட ஊரில் விதேசிப் பண்டமா?"

நியாயமான கேள்விதான். ஆனால், 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட பிள்ளையவர்கள் ஓட்டிய 'காலியா'வும் பிரான்ஸில் வாங்கிய கப்பலே. சரக்கு எங்கே பிறந்தது என்பதைவிட, தொழிலும் ஆதாயமும் எவர் கையில் என்பதன்றோ விஷயம்? அத்தொண்டின் பயனாய் 1908-இல் சிறை புகுந்து, கோயமுத்தூரில் செக்கிழுத்தார் அவர். மக்ரூனோ உள்ளூர்க் கைகள் செய்து, உள்ளூர்க் கடையில் விலையாகும் பண்டம்.

நண்பர் பதில் பேசவில்லை. ரயில் மணியாச்சியை அடைவதற்குள் பொட்டலத்தில் பாதியைக் காணோம்!