கிணற்றுக்குக் குளோரின்: போட்டால் மட்டும் போதுமா?



மாரி மழை ஓய்ந்து, வளவில் நின்ற தண்ணீரும் வடிந்த பின் கிணற்றை எட்டிப் பார்க்கிறீர்கள். தண்ணீர் தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனால் மலகூடக் குழி அங்கிருந்து எத்தனை அடி தூரம்? வுழூவுக்கும் சோற்றுக்கும் பிள்ளையின் பால் போத்தல் கழுவவும் அதே தண்ணீரைத்தானே அள்ளுகிறோம்.

"நாங்கள் குளோரின் போட்டுவிட்டோம்" என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டால், "ஒரு சிரட்டை" என்பார்கள். உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. போட்டதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது?

தண்ணீரில் விழுந்த குளோரின் முதலில் அங்குள்ள அழுக்கு, சருகு, சேறு எல்லாவற்றோடும் சேர்ந்து செலவாகிறது. அதற்குப் பிறகும் எஞ்சி நிற்பதுதான் கிருமிகளிடமிருந்து காவல். அரை மணி நேரம் கழித்து ஒரு லீற்றருக்கு 0.5 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கலங்கிய கிணற்றில் எவ்வளவு கொட்டினாலும் சேறே அதைத் தின்றுவிடும்.

அளவைக் கண்மதிப்பில் விடாதீர்கள். கிணற்றின் அகலத்தை அடியில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். பின் நீரின் ஆழத்தாலும், கடைசியில் 22 ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை லீற்றர் என்பது வரும். நான்கு அடி அகலம், எட்டு அடி நீர் என்றால் சுமார் 2,800 லீற்றர். தெளிந்த நீருக்கு 1,000 லீற்றருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்று கணக்கிட்டால் 7 கிராம் போதும். ஒரு சிரட்டை எங்கே, ஏழு கிராம் எங்கே! கடையில் 70 கிராம் நிறுத்து வாங்கிப் பத்துப் பங்காக்கினால் ஒரு பங்கு அதுதான்.

தூளை அப்படியே கிணற்றில் வீசாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோல் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கயிற்றில் இறக்கி, நீருக்குள் ஏற்றி இறக்கிக் கலந்துவிடுங்கள். இரவில், எல்லோரும் தண்ணீர் அள்ளி முடித்த பிறகு செய்வது நல்லது.

இனிப் பரிசோதனை. மணத்தை நம்ப வேண்டாம். நீச்சல் தடாகத்தில் மூக்கைத் துளைக்கும் மணம்கூட, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்துவிட்ட குளோரினின் மணமே. டீ.பீ.டீ. என்ற சிறு மாத்திரையைக் கைபடாமல் சோதனைக் குழாய் நீரில் போட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். அதை அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டு அளவை அறியலாம். அந்த நீரைக் குடிக்காமல் ஊற்றிவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எங்கள் ராத்தா ஒரு முறை தாராளமாகத் தூளைப் போட்டுவிட்டு, மாத்திரையால் சோதித்தார். நிறமே வரவில்லை. "போதவில்லை போலும்" என்று இன்னும் போட்டார். மறுநாள் சுபஹுக்கு வுழூச் செய்யப் போன மச்சானுக்குக் கண்ணெல்லாம் எரிச்சல்! குளோரின் மிக அதிகமானால், வந்த நிறத்தையே அது வெளுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நிறம் வராவிட்டால் ஒரு கோப்பை கிணற்று நீரோடு ஒன்பது கோப்பை கொதித்தாறிய கிணற்று நீரைக் கலந்து மீண்டும் சோதியுங்கள். அப்போது நிறம் தெரிந்தால் கூடிவிட்டது என்று பொருள். இரண்டாம் முறையும் வராவிட்டால்தான் குறைவு.

ஊற்று நீர் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் எஞ்சிய குளோரினும் நாளுக்கு நாள் குறையும். ஒரு தடவை போட்டு ஒரு மாதம் நிம்மதியாக இருக்க முடியாது.

வெள்ளம் கிணற்றுக்குள்ளேயே புகுந்திருந்தால் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அதற்குப் பல மடங்கு குளோரின் இட்டு, இறைத்து, மறுபடி சோதிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழையுங்கள். கரையோர மணற்பாங்கான ஊர்களில் கிணற்றை அடிவரை ஒரேயடியாக இறைப்பதும் ஆபத்து, கீழிருக்கும் உப்பு நீர் மேலேறிவிடும். 2004 கடற்கோளுக்குப் பின் கிழக்கிலே கிணறுகள் உப்பானதைக் கண்டவர்களுக்கு இது தெரியும். குளோரின் உப்பை அகற்றாது.

சில கிருமிகள் குளோரினுக்கும் அசையாதவை. ஆகவே கைக்குழந்தைக்குக் கொடுக்கும் நீரைக் கொதிக்க வைப்பதை நிறுத்தாதீர்கள்.

மீதித் தூளை இறுக மூடிய பிளாஸ்டிக் போத்தலில், வெயிலும் ஈரமும் படாமல், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். மலகூடம் கழுவும் அமிலத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். போத்தலில் வாங்கிய திகதியை எழுதி ஒட்டுங்கள். நாட்பட்ட தூள் வீரியம் இழந்துவிடும், அதை நிறுத்துப் போட்டும் பயனில்லை.